பட்டன் தெரிந்தால் டிராயிங் தெரியுமா?

கல்லூரி திறந்த புதிதில் தமிழ்நாட்டு டவுன் பஸ்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். முதலாம் ஆண்டு இன்ஜினியரிங் பிள்ளைகள் தோளில் நீளப் பையோடு நிற்பார்கள். உள்ளே டிராஃப்டர். ஒரு கையில் ஷீட் சுருட்டி வைத்த டப்பா, இன்னொரு கையில் மேல்கம்பி. பக்கத்தில் நிற்பவரின் விலாவில் அந்த டப்பா இடித்தபடியே வரும். வருடம் முடிந்ததும் டிராஃப்டர் பாதி விலைக்கு ஜூனியர் கைக்குப் போய்விடும். அது போன பிறகு மனதில் என்ன மிச்சம் என்று கேட்டால் பதில் சொல்பவர்கள் குறைவு.

இந்தப் பாடத்தைப் பற்றி நம் ஊரில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று, "கையால் வரைந்தால்தான் வரும், கம்ப்யூட்டரில் வரைவதெல்லாம் ஏமாற்று" என்னும் பெரியவர்கள் கட்சி. இரண்டு, "இந்தக் காலத்தில் யார் சார் பென்சில் பிடிக்கிறார்கள், சாஃப்ட்வேர் கத்துக்கிட்டா வேலை" என்னும் பயிற்சி மையக் கட்சி. இரண்டும் தீராப் பகையாளிகள் மாதிரி பேசிக்கொள்ளும். ஆனால் செய்கிற தப்பு ஒன்றேதான். ஒரு பொருளைக் கண்ணை மூடித் திருப்பிப் பார்க்கக் கற்றுத்தர வேண்டிய இடத்தில், செய்முறையை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள்.

முதலில் பென்சில் கட்சி. "அறுகோணப் பட்டகம் ஒன்று தன் அடிப்பக்க விளிம்பு ஒன்றின் மேல் நிற்கிறது, அச்சு தரைக்கு 30 டிகிரி சாய்ந்திருக்கிறது." ஈ.ஜி. எழுதிய எவருக்கும் இந்தக் கணக்கு கனவில்கூட வரும். கீழே அறுகோணம் போடு, மேலே செவ்வகம் போடு, செவ்வகத்தைச் சாய்த்து மறுபடி வரை, புள்ளிகளைக் கீழே இறக்கு, சேர். நடராஜன் புத்தகத்தில் பத்து கணக்கு போட்டால் பதினொன்றாவது தானாக வரும். வந்தது பட்டகமா, பந்தலா என்று வரைந்தவனுக்கே தெரியாது. ஷீட் சப்மிட் செய்ய வேண்டிய முந்தைய இரவு ஹாஸ்டலில் கண்ணாடிக்கு அடியில் விளக்கைப் போட்டு அடுத்தவன் ஷீட்டை டிரேஸ் எடுப்பது தனிக்கலை. இந்தப் பாடத்தில் டிரேஸ் எடுத்தே தேற முடிகிறது என்றால் அது எதைச் சோதிக்கிறது?

இத்தனைக்கும் இந்த வித்தை பிறந்த கதை வேறு மாதிரி. பிரான்சில் காஸ்பார் மோஞ்ச் 1760களில், கோட்டை வடிவமைப்பில் வந்த சிக்கலை நீண்ட கணக்கு இல்லாமல் படம் போட்டே தீர்க்க வழி கண்டார். அது எவ்வளவு பயனுள்ளதாக இருந்தது என்றால் ராணுவ ரகசியமாகவே வைத்திருந்தார்கள். 1795ல்தான் பாரிஸில் வெளிப்படையாகப் பாடம் எடுத்தார். சிந்திக்க உதவிய கருவி அது. அதைத்தான் 'ஸ்டெப் ஒன்று, ஸ்டெப் இரண்டு' என்று ஆக்கி வைத்திருக்கிறோம்.

கம்ப்யூட்டருக்குக் கொடுத்த மரியாதையையும் சொல்ல வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013ம் வருட விதிமுறையில் ஈ.ஜி. பாடத்தின் கடைசியில் கணினி வரைதல் இருந்தது. மூன்று மணி நேரம். அதுவும் 'செய்து காட்ட மட்டும்'. நீச்சலைக் கரையில் நின்று காட்டுவது போல!

சரி, பயிற்சி மையக் கட்சி ஒழுங்கா? அங்கே போனால் லைன், ஆஃப்செட், டிரிம், பிறகு எக்ஸ்ட்ரூட், ரிவால்வ், ஃபில்லட் என்று பட்டன் வரிசை. கையில் ஒரு பிரிண்ட் அவுட் கொடுப்பார்கள். எல்லா அளவும் போட்டிருக்கும். அதைப் பார்த்து அப்படியே திரையில் எழுப்ப வேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் பாஸ் செய்தவர் வேகமாக, பிழையில்லாமல் அடிப்பார். அதற்காக அவர் கடிதம் எழுதத் தெரிந்தவர் என்று யாரும் சொல்வதில்லை. இங்கே மட்டும் அடிக்கத் தெரிந்தவருக்கு 'டிசைன் இன்ஜினியர்' என்று சர்டிஃபிகேட்.

ஸாலிட் மாடல் என்பது அழகான படம் இல்லை. அது நிபந்தனைகளின் தொகுப்பு. 1963லேயே எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் செய்த 'ஸ்கெட்ச்பேட்' நிரலில் "இந்தக் கோடும் அந்தக் கோடும் இணை", "இவை இரண்டும் சமம்" என்று கட்டளை இடலாம். படம் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். 1980களின் கடைசியில் வந்த புரோ-இன்ஜினியர் இதை முப்பரிமாணத்தில் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தது. ஆக, மாடல் செய்கிறவன் முதலில் முடிவு செய்ய வேண்டியது பட்டனை அல்ல. இந்தப் பொருளில் எது மாறலாம், எது மாறக்கூடாது, எது எதைச் சார்ந்தது என்பதை.

ஒரு சாதாரண ஃபிளாஞ்ச் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டத் தட்டு, நடுவில் ஓட்டை, சுற்றி நாலு போல்ட் ஓட்டை. பட்டன் மட்டும் படித்த பையன் நாலு வட்டத்தையும் தனித்தனியாக வைப்பான். திரையில் பார்க்க ஒரு குறையும் இருக்காது. மறுநாள் கஸ்டமர் "நாலு வேண்டாம், ஆறு போல்ட் போடுங்க" என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உட்கார வேண்டும். விஷயம் புரிந்தவன் பி.சி.டி. வட்டத்தை ஒரு நிபந்தனையாக வைத்து, ஒரே ஒரு ஓட்டை போட்டு, அதைச் சுற்றிப் பரப்பியிருப்பான். நாலை ஆறாக மாற்றினால் வேலை முடிந்தது. இரண்டு பேர் திரையையும் போட்டோ எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசமே தெரியாது. நம் மதிப்பெண் முறை பார்ப்பதோ அந்தப் போட்டோவை மட்டும்தான்.

சாலிட்வொர்க்ஸில் முழுதாகக் கட்டப்படாத கோடு நீலமாக இருக்கும், கட்டப்பட்டது கறுப்பாகும். பையன்களின் ஃபைலைத் திறந்தால் ஒரே நீலக்கடல். ஒரு அளவைத் தொட்டால் கோடுகள் ஆளுக்கொரு பக்கம் பறக்கின்றன. இடதுபக்கப் பட்டியல் முழுக்கச் சிவப்பு. அதன் பிறகு "சாஃப்ட்வேர் ஹேங் ஆகுது சார்" என்ற வழக்கமான புகார் :-)

இந்தக் குறைக்கு விலை கொடுப்பது லேத் பட்டறை. சதுரமான பள்ளம் ஒன்றை மாடலில் வெட்டுவது ஒரு நிமிட வேலை. உள்மூலைகள் கத்தி மாதிரி கூர்மையாக வரும். மில்லிங் கட்டர் வட்டமானது, ஐயா. அது உள்மூலையில் தன் ஆரத்தை விட்டுவிட்டுத்தான் வரும். கணபதியிலோ அம்பத்தூரிலோ மெஷினில் நிற்கும், பத்தாவது கூடத் தாண்டாத ஆபரேட்டருக்கு இது தெரியும். டிகிரி வாங்கி டிராயிங் அனுப்பியவருக்குத் தெரியாது. 6205 பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ. ஷாஃப்டும் 25 என்று போட்டால் திரையில் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். பட்டறையில் உட்காருமா, ஆடுமா, ஏறவே ஏறாதா என்பதை முடிவு செய்வது சில மைக்ரான்கள். அந்த மைக்ரான்களை டிராயிங்கில் எழுதுவதுதான் படிப்பு.

இதைவிட மோசமானது பார்வைக் கோணம். இந்தியாவில் முதல் கோண முறை, அமெரிக்காவில் மூன்றாம் கோண முறை. முதல் கோணத்தில் இடப்பக்கத் தோற்றம் படத்தில் வலப்பக்கம் வரும். ஏன்? பொருள் பார்ப்பவருக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிறது; பிம்பம் நிழல் மாதிரிப் பின்சுவரில் விழுகிறது. இந்த ஒரு வாக்கியம் வகுப்பில் சரியாகச் சொல்லப்படுவதில்லை. "மாத்திப் போடணும், அவ்வளவுதான்" என்றே கடக்கிறார்கள். பிறகு அமெரிக்க டிராயிங் ஒன்று கைக்கு வரும்போது, மூலையில் இருக்கும் சின்ன அடையாளத்தைக் கவனிக்காமல் படித்து, வலக்கை பிராக்கெட்டுக்குப் பதில் இடக்கை பிராக்கெட் ஐம்பது செய்து வைத்தால் அது எடைக்குத்தான் போகும். சாஃப்ட்வேர் இங்கே காப்பாற்றாது. அதற்கு இது வெறும் ஒரு செட்டிங்.

பதில் சொல்ல முடியாமல் போகும்போது ஆசிரியர்கள் எடுக்கும் கடைசி ஆயுதம், "உனக்குக் கற்பனை வராதுப்பா." கிராமத்துப் பள்ளியிலிருந்து, பன்னிரண்டு வருடத்தில் ஒரு மேற்பார்வைப் படமும் பார்க்காமல் வந்த பெண்ணுக்கு முதல் செமஸ்டரில் கிடைக்கும் பட்டம் இது. சுத்தப் பொய். ஷெரில் சோர்பி என்ற பேராசிரியை, தானே மாணவியாக இருந்தபோது கிராஃபிக்ஸ் பாடத்தில் தடுமாறியவர். அமெரிக்காவின் மிச்சிகன் டெக்கில் 1993ல் இதற்கென ஒரு பாடம் தொடங்கினார். வந்தவுடன் ஒரு பரீட்சை வைத்து, உருவத்தைத் திருப்பிப் பார்க்க இயலாதவர்களைக் கண்டுபிடித்து, கட்டைகளை அடுக்க வைத்து, கையால் ஸ்கெட்ச் போட வைத்துப் பழக்கினார்கள். தேறினார்கள். படிப்பைப் பாதியில் விட்ட பெண்களின் எண்ணிக்கையும் குறைந்தது. நீச்சல் மாதிரி இதுவும் பழக்கத்தில் வருவது. பழக்காமல் விட்டுவிட்டுப் பிறவிக்குறை என்பது கையாலாகாத்தனம்.

"கம்பெனிக்காரன் சாஃப்ட்வேர் பெயரைத்தானே கேட்கிறான்?" கேட்கிறான், மறுக்கவில்லை. ஆனால் பெயர் நிற்கிறதா? புரோ-இ 2011ல் கிரியோ ஆனது. ஒரு காலத்தில் பெரிதாகப் பேசப்பட்ட ஐ-டியாஸ், என்எக்ஸ் உள்ளே கரைந்தே போனது. பட்டன் இருந்த இடத்தை மட்டும் படித்தவர்கள் ஒவ்வொரு முறையும் மறுபடி ஃபீஸ் கட்டினார்கள். அறுபது பேர் வகுப்பு, ஒரு ஆசிரியர், மூச்சு விட நேரமில்லை என்பதும் நியாயமான வாதமே. அதனால்தான் பரீட்சையை மாற்றச் சொல்வது. இன்ஜினியரிங் கல்லூரியில் எதை மாற்ற வேண்டுமானாலும் வினாத்தாளை மாற்று. மற்றது தானாக மாறும்.

ஐந்து கேள்வி, ஏ3 ஷீட் என்ற சடங்குக்குப் பதில் மேஜை மேல் ஒரு பழைய கேட் வால்வு பாகம், ஒரு வெர்னியர், ஒரு வெள்ளைத்தாள் வைக்கலாம். முதல் ஒரு மணி நேரம் அளந்து கையால் ஸ்கெட்ச். அடுத்து கம்ப்யூட்டரில் மாடல். லைசென்ஸ் வாங்கக் காசில்லை என்ற சாக்கும் செல்லாது. 2002லிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் 2024 நவம்பரில் 1.0 பதிப்புக்கே வந்துவிட்டது. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் மேற்பார்வையாளர் வந்து பலகையில் எழுத வேண்டும்: "சுவர் தடிமன் 6 இல்லை, 8. போல்ட் 4 இல்லை, 6." யாருடைய மாடல் உடையாமல் நிற்கிறதோ அவருக்கு மார்க்.