கோயிலும் கவுன்சிலும்

கோயில் இல்லாத ஊரில் குடியிருக்க விரும்பாத மக்கள் நாம். போரினால் துரத்தப்பட்டு லண்டன் மாநகரின் புறப்பகுதிகளில் வந்து ஒதுங்கியபோதும் அந்த வழக்கம் எம்மை விட்டுப் போகவில்லை. முதலில் வாடகை மண்டபத்தில் வெள்ளிக்கிழமைப் பூசை, பின்னர் சொந்தக் கட்டடம், அதன்பின் தேரும் திருவிழாவும் என்று எமது சமூகம் இங்கு வேரூன்றியது. இந்தப் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் எம்மவர் எதிர்கொள்ளும் ஒரு நிறுவனம் உள்ளூர்க் கவுன்சிலின் திட்டமிடல் குழுவாகும். அதன் இயல்பை நாம் இன்னும் சரிவர அறிந்துகொள்ளவில்லை என்பதே எமது கவலை.

1947ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடற் சட்டம் நடைமுறைக்கு வந்த காலம் தொட்டு, காணி ஒருவருக்குச் சொந்தமாயினும் அதில் புதிதாகக் கட்டுவதற்கும் அதன் பயன்பாட்டை மாற்றுவதற்கும் அனுமதி பெறவேண்டும் என்பது இந்நாட்டின் பொதுவிதி. லண்டனின் 32 பறோ கவுன்சில்களும் தத்தம் எல்லைக்குள் இந்த அதிகாரத்தைச் செலுத்துகின்றன. விண்ணப்பம் கிடைத்ததும் அயலவருக்கு அறிவித்தல் செல்லும். கருத்துக் கூற வழமையாக 21 நாட்கள் வழங்கப்படும். சிறிய விண்ணப்பங்களுக்கு 8 வாரங்களிலும் பெரியவற்றுக்கு 13 வாரங்களிலும் முடிவு கூறுவது முறை. பெரும்பாலானவற்றை அதிகாரிகளே தீர்த்துவிடுவர். சர்ச்சைக்குரியவை கவுன்சிலர்களைக் கொண்ட குழுவின் முன், பொதுமக்கள் பார்த்திருக்க, விவாதிக்கப்படும்.

அந்தக் குழு எதை எடைபோடுகிறது? வாகன நெரிசல், தரிப்பிடம், இரைச்சல், அயல் வீட்டின் வெளிச்சமும் தனிமையும், கட்டடத்தின் தோற்றம், கவுன்சிலின் உள்ளூர்த் திட்டம் ஆகியவற்றையே. அயல்வீட்டின் விலை குறையும் என்ற அச்சம் அங்கு எடுபடாது. விண்ணப்பித்தவர் எந்த மதத்தவர், எந்த நாட்டவர் என்பதும் எடுபடக் கூடாது. அவ்வாறே, எமது பக்தியின் ஆழமும் அங்கு தனியொரு வாதமாகாது. ஆயிரம் கையொப்பங்கள் கொண்ட மனுவைவிட, வாகனங்கள் எங்கே நிற்கும் என்பதைத் தெளிவாகக் கூறும் ஒரு பக்கக் கடிதம் கூடுதல் பயன் தரும்.

ஆரம்பகால ஆலயங்கள் அமைந்த விதத்தை நோக்கினால் இது விளங்கும். விம்பிள்டன் பிள்ளையாரும் ஈலிங் கனகதுர்க்கை அம்மனும் கிறிஸ்தவ சபைகள் முன்னர் பயன்படுத்திய கட்டடங்களிலேயே குடிகொண்டனர். பொது வழிபாட்டுக்குரிய கட்டடங்கள் அனைத்தையும், எம்மதத்துக்கு உரியவையாயினும், சட்டம் ஒரே பயன்பாட்டு வகுப்பில் வைக்கிறது. எனவே தேவாலயம் கோயிலாகும்போது, வேறு நிபந்தனைகள் இல்லாவிடின், பயன்பாட்டு மாற்றத்துக்குத் தனி அனுமதி தேவைப்படாது. ஆனால் ஒரு களஞ்சியத்தையோ குடியிருப்பு வீட்டையோ வாங்கி அங்கு பிரதிட்டை செய்தால் நிலைமை முற்றிலும் வேறு. வெளியே கோபுரம் எழுப்புவதற்கும் அனுமதி வேண்டும்.

இவ்விடயத்தில் நாம் படிக்கவேண்டிய பெரும் பாடம் லண்டனை அடுத்துள்ள ஹேர்ட்போர்ட்ஷயரில் இருக்கிறது. பீற்றில்ஸ் இசைக்குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் 1973இல் ஹரே கிருஷ்ணா இயக்கத்தினருக்கு வழங்கிய பக்திவேதாந்த மாளிகைக்கு நாளடைவில் திருவிழாக் கூட்டம் பெருகியது. சிறிய கிராமம் ஒன்றின் ஒடுங்கிய வீதியில் வாகனங்கள் குவிந்தன. கிராமத்தவர் முறையிட்டனர். 1987இல் ஹேர்ட்ஸ்மியர் கவுன்சில் பொது வழிபாட்டைத் தடுக்கும் அமுலாக்கல் அறிவித்தலை விடுத்தது. மேன்முறையீடு தோற்றது. வழக்கு ஸ்ராஸ்பேர்க் வரை சென்றது. மத சுதந்திரத்தில் தலையீடு உண்டு எனக் கொண்டாலும், பிறரின் உரிமைகளைக் காக்க அது நியாயமானதே என்று ஐரோப்பிய மனித உரிமைகள் ஆணைக்குழு 1994 மார்ச்சில் அந்த முறையீட்டை நிராகரித்தது. அதே ஆண்டில் பல்லாயிரம் இந்துக்கள் லண்டன் வீதிகளில் திரண்டனர். இறுதியில் 1996இல் சுற்றாடல் அமைச்சர் ஜோன் கம்மர் அனுமதி வழங்கினார். கிராமத்தைத் தொடாமல் மாளிகையைச் சென்றடையும் புதிய பாதை ஒன்று அந்தத் தீர்வின் அடிப்படையாக அமைந்தது.

ஊர்வலம் வீண் என்று நாம் கூறவரவில்லை. அது இல்லாவிடின் அமைச்சரின் செவி திறந்திராது. ஆயினும் கிராமத்தவரின் முறைப்பாடு வீதியைப் பற்றியது. அந்த வீதிக்கு மாற்று வழி காட்டப்பட்டபோதே பூட்டு திறந்தது. ஒன்பது ஆண்டுகளும் பெரும் பணமும் செலவான பின்னர் கிடைத்த இந்தப் பாடத்தை நாம் செலவின்றிப் பெற்றுக்கொள்ளலாம்.

எம்மவரிடம் உள்ள குறை, முதலில் கட்டிவிட்டுப் பின்னர் அனுமதி கேட்பதாகும். அடியார்களின் காணிக்கையில் வாங்கிய கட்டடத்தை அமுலாக்கல் அறிவித்தல் முடக்கினால், நட்டம் நிர்வாகசபைக்கு மட்டுமன்று. வார இறுதியிலும் வேலைக்குச் சென்று பணம் கொடுத்த குடும்பங்களுக்கே. வாங்குமுன் கவுன்சில் அதிகாரியிடம் முன்னாலோசனை பெறுவதும், அயல் வீடுகளின் கதவைத் தட்டித் திருவிழா நாட்களைத் தெரிவிப்பதும் அந்த நட்டத்துடன் ஒப்பிட்டால் சிறு செலவே. எமது கவுன்சிலரிடம் முன்கூட்டியே வாக்குறுதி வாங்கும் வழக்கமும் உதவாது. கூட்டத்துக்கு முன்பே மனத்தை மூடிக்கொண்ட உறுப்பினர் அந்த விடயத்தில் வாக்களிக்கக் கூடாது என்பதே நெறி.

இதேவேளை, தரிப்பிடம் என்ற சொல்லுக்குள் வெறுப்பு ஒளிந்துகொள்வதும் உண்டு. ஞாயிறு காலையில் தேவாலய வாசலில் நிற்கும் கார்கள் கண்ணில் படாமல், வெள்ளி மாலையில் கோயில் வாசலில் நிற்பவை மட்டும் பெருந்தொல்லையாகத் தோன்றுமாயின் அதைக் கேட்டே ஆகவேண்டும். திட்டமிடலில் இனப் பாகுபாடு சட்டவிரோதம் என்பது 1986இலேயே இனத் தொடர்புகள் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் மதத்தையும் உள்ளடக்கி அப்பொறுப்பைக் கவுன்சில்கள் மீது சுமத்துகிறது. அநீதியான மறுப்புக்கு எதிராக ஆறு மாதங்களுக்குள் திட்டமிடல் பரிசோதகரிடம் மேன்முறையீடு செய்யலாம். வீட்டு விண்ணப்பமாயின் 12 வாரங்களே. அமுலாக்கல் அறிவித்தலாயின் அது அமுலுக்கு வருமுன்னரே முறையிட வேண்டும். கடிதத்தை மேசையில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் உரிமை கைநழுவிப் போகும்.

இவை கோயில்களுக்கு மட்டும் உரியவையல்ல. அரும்பாடுபட்டு வாங்கிய வீட்டின் பின்வளவில் கொட்டில் அமைத்து வாடகைக்கு விடுவோரும் இதே சட்டத்துக்கு உட்பட்டவர்கள். நான்கு ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்ற பழைய கணக்கும் இனிச் செல்லாது. 2024 ஏப்ரல் 25ஆம் திகதிக்குப் பின் கட்டி முடிக்கப்படுபவற்றுக்கு இங்கிலாந்தில் அந்தக் காலம் பத்து ஆண்டுகளாக நீட்டப்பட்டுள்ளது.

இறுதியாக ஒன்று. தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு கிடைக்காதவருக்கு இந்நாட்டில் வாக்குரிமை இல்லை. ஆனால் ஒரு திட்டமிடல் விண்ணப்பத்தை ஆதரித்தோ எதிர்த்தோ கருத்து எழுதுவதற்கு வாக்காளராக இருக்க வேண்டியதில்லை. அவரது கடிதமும் மற்றவர்களுடையதைப் போலவே கவனத்தில் எடுக்கப்பட வேண்டும். எமது கோயிலுக்காக மட்டுமன்றி, எமது தெருவில் வரவிருக்கும் பாடசாலைக்கும் பூங்காவுக்கும் வீட்டுத் தொகுதிக்கும் சேர்த்து அந்த உரிமையைப் பயன்படுத்துவோம். தெருக்கம்பத்தில் கவுன்சில் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தால், கடந்து செல்லாமல் நின்று வாசிப்போம். ஆங்கிலம் அறிந்த பிள்ளைகள் அதைப் பெற்றோருக்கு விளக்கிக் கூறட்டும். கோயில் நிர்வாகசபைகள் அடுத்த கட்டடத்தைத் தேடுமுன் இந்த விதிகளைத் தமது அடியார்களுடன் கூடிப் பேசட்டும்.