வெற்றிக் கணக்கு

பயிற்சியாளரின் பெருமையை வெற்றிகளால் மட்டும் அளப்பது பிழை என்பதே என் துணிபு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், கிராம்பிளிங் என்னும் சிற்றூரில், கறுப்பின மாணவர் பயின்ற கல்லூரியில் 1941இல் பொறுப்பேற்றவர் எட்டி ராபின்சன். தென்மாநிலப் பெரும் பல்கலைக்கழகங்கள் அம்மாணவர்க்குக் கதவடைத்திருந்த காலம் அது.

1997 வரை அவர் வேறு கல்லூரியை நாடவில்லை. அமெரிக்கக் கால்பந்தில் அவர் ஈட்டிய வெற்றிகள் 408. தொழில்முறை ஆட்டத்துக்கு அனுப்பிய மாணவர் 200க்கும் மேற்பட்டோர். ஆயினும் நெஞ்சில் நிற்பது வேறொன்று. காலையில் மாட்டுமணியை ஒலித்தபடி விடுதியில் நடந்து, வீரர்களை வகுப்புக்கு எழுப்புவாராம்!

கால் தளர்ந்தால் ஆட்டம் முடியும். கற்ற கல்வியோ இறுதிவரை சோறிடும். கோப்பைகளை எண்ணும் நாம், பட்டம் பெற்ற வீரர்களையும் எண்ணவேண்டாவா? ஆட்டத்தில் தோற்ற மாணவனையும் வாழ்வில் வெல்லச் செய்பவரே பயிற்சியாளர்.