வலை சொன்ன பொய்

கனடா நாட்டின் நியூபவுண்டுலாந்துக் கடலில் காட் மீன் பிடிக்க விதித்திருந்த தடையை அந்நாட்டு அரசு 2024 ஜூனில் நீக்கியது. 1992 ஜூலை 2-ஆம் நாள் போட்ட தடை அது. இரண்டாண்டு என்றார்கள், முப்பத்திரண்டு ஆண்டு நீண்டது! ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தனர்.

கடலை அளக்க அங்கே அறிஞர் இல்லையா? இருந்தனர். ஆய்வுக் கப்பலின் கணக்கோடு, பெரிய இழுவைக் கப்பல்கள் வாரிவந்த அளவையும் சேர்த்தே மதிப்பிட்டனர். அங்கேதான் வந்தது வினை! மீன் குறையக் குறைய, எஞ்சியவை ஓரிடத்தில் திரண்டன. கருவி கொண்டு அத்திரளைத் தேடிச் சென்ற கப்பலுக்கு வலை நிறைந்தது. வலை நிறைந்ததால் கடலும் நிறைந்திருக்கிறது என்று முடிவு கட்டினர். கரையோரச் சிறுபடகு மீனவரோ, மீன் சிறுத்துவிட்டது, வரத்தும் குறைந்தது என்று 1980-களின் நடுவிலேயே முறையிட்டனர். ஏழை சொல் அம்பலம் ஏறுமா?

பின்னர் அறிஞர்களே கணக்கைத் திருத்தினர். 1989-க்கு 1,25,000 டன் போதும் என்றனர். வேலை போகுமே என்று காரணம் காட்டி, அரசு அனுமதித்தது 2,35,000 டன்! மூன்றே ஆண்டில் எல்லா வேலையும் போயிற்று.

தடை நீங்கிய 2024-இல் மொத்தம் 18,000 டன் பிடிக்கலாம் என்றார்கள். அதிலும் ஒரு பங்கு இழுவைக் கப்பல்களுக்காம்! கரையோர மீனவர் சங்கம் எதிர்த்தது. இம்முறை எவர் வலையைக் கொண்டு கடலை அளக்கப் போகிறார்கள் என்று நாம் கேட்கிறோம்.