புட்டி வாங்கப் போன சிறுவன்

செலண்டார் வட்டாரத்துத் தோட்டமொன்றில் நடைபெற்ற போதை ஒழிப்புக் கூட்டத்திற்கு நாமும் போயிருந்தோம். மேடையிலே நால்வர் பேசினர். குடி குலத்தைக் கெடுக்கும் என்றார் ஒருவர். பெற்றவர் மானத்தைக் காற்றில் விடாதீர்கள் என்றார் மற்றொருவர். மூன்றாமவர் மண்டையோடு எழுதிய படமொன்றை உயரத் தூக்கிக் காட்டி, தொட்டவன் செத்தான் என்று மும்முறை முழங்கினார். நான்காமவர் நேரமாகிவிட்டதென்று வாழ்த்துக் கூறி அமர்ந்தார். முன்வரிசையில் கொண்டுவந்து உட்கார வைக்கப்பட்டிருந்த இளைஞர்கள் ஒழுங்காகக் கை தட்டினார்கள்.

அன்றிரவே அதே மண்டபத்தில் ஒரு கலியாண விருந்து. காலையில் மேடையில் வீற்றிருந்த பெரியவர்களில் இருவர் பின்புறத்து மேசையருகே இருந்துகொண்டு, பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவனைக் கூப்பிட்டு, அவன் கையில் நோட்டைத் திணித்து, “மாமா கேட்டாருன்னு சொல்லு, குடுப்பாங்க” என்று கடைக்கு அனுப்பினர். சிறுவன் ஓடினான், சுற்றிய காகிதத்தோடு வந்தான், மீதிச் சில்லறை அவனுக்குக் கூலியாயிற்று.

காலையிற் கேட்ட நான்கு பிரசங்கங்களையும் அந்தச் சில்லறை விழுங்கிவிட்டதென்பதே நமது அபிப்பிராயம். அதைப் பற்றியே இங்கு எழுதத் துணிந்தோம்.

முதலாவது, அந்தச் சிறுவனை அனுப்பியது விளையாட்டுக் காரியமன்று. இந்நாட்டில் 2017-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி முதல் இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு மது விற்கலாகாதென்பது சட்டம். அதற்குமுன் பதினெட்டு என்றிருந்தது. அதே திருத்தத்தின்படி, ஏழைத் தொழிலாளியின் சட்டைப்பைக்கும் சொற்பச் சம்பளத்துக்கும் அளவெடுத்துத் தைத்தாற்போல் சின்னஞ்சிறு புட்டிகளில் விற்றுவந்த சம்சு, 700 மில்லிலிட்டருக்குக் குறையாத கண்ணாடிப் புட்டியில்தான் விற்கப்பட வேண்டுமென்றும் ஏற்பட்டது. பெரிய புட்டியானால் விலை பெரிதாகும். விலை பெரிதானால் வாங்குவோன் யோசிப்பான் என்பது இதன் கருத்து. நால்வர் பணம் சேர்த்தால் பெரிய புட்டியும் சிறிய புட்டியாகிவிடும் என்பதை நம் இளைஞர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சட்டம் கடை வாசல் வரையில்தான் வரும். அதற்கு அப்பால் “மாமா கேட்டார்” என்ற வார்த்தைதான் ஆட்சி புரிகிறது.

நிற்க, குடி நம்மவரின் பிறவிக் குணம் என்று பேசுவாரும் உளர். “தோட்டத்துத் தமிழன் என்றாலே தண்ணிதானே” என்று நம்மவரே நகைப்பதையும் கேட்டிருக்கிறோம். இவ்வளவு வடிகட்டின பொய்யை வேறு எவரைப் பற்றியும் ஒருவர் பேசிவிட்டுச் சும்மா போய்விட முடியாது. ரப்பரை வாணிபப் பயிராக இந்நாட்டில் முதன்முதல் நட்டது நம் மலாக்காவில்தான். தான் சாய் யான் என்பவர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கிலும், அதன்பின் நமக்கு அண்டையிலுள்ள புக்கிட் அசஹானிலும் நட்டார். நாடெங்கும் ரப்பர் பரவியது, பால்வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொணரப்பட்டனர், லயன் எழும்பியது, கள்ளுக்கடையும் கூடவே எழும்பியது. அந்தக் கடையை எந்தத் திருடனும் காட்டுக்குள் ஒளித்து நடத்தவில்லை. அரசாங்கத்தின் உத்தரவு பெற்றுத் தோட்ட நிர்வாகமே நடத்தியது. பகலில் துரை கொடுத்த கூலி மாலையில் துரையின் கடைக்கே திரும்பியது. அந்தக் கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்கென்று ஒரு நிதியாகவும் வைக்கப்பட்டது! அவன் நலனுக்காக அவனே குடித்துத் தீர்க்க வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மூளையை நாம் மெச்சாமல் இருக்க முடியவில்லை.

அரசாங்கம் மட்டும் யோக்கியமாக இருந்ததா? மலாக்காவும் சேர்ந்திருந்த நீரிணைக் குடியேற்றங்களில், அரசாங்கத்தின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினியிலிருந்து வந்த ஆண்டுகளும் உண்டு. சீனத் தொழிலாளிக்கு அபினி, தமிழ்த் தொழிலாளிக்குக் கள் என்று பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, சோம்பேறி என்ற பட்டத்தை மட்டும் இருவருக்கும் பொதுவாக வழங்கினார்கள்.

நம்மவர் இதற்குத் தலையசைத்துக் கிடந்தனரா என்றால், அதுவும் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளில், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், துரையைக் கண்டவுடன் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டுமென்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பவற்றோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. அவர்களுக்குத் துணைநின்ற ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். யுத்தம் முடிந்தபின் கெடாவில் ஹார்வார்டு தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை திரண்டு, கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்தது. 1947-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீடோங்கில் போலீசார் அவர்கள்மேல் பாய, ஒரு தொழிலாளி உயிர் துறந்தார். கடையை மூடுங்கள் என்று கேட்டு உயிர் கொடுத்த மக்களின் பேரப்பிள்ளைகளிடம், “குடி உங்கள் இரத்தத்தில் ஊறியது” என்று சொல்ல நமக்கு எப்படி நா எழுகிறது? இந்தச் சரித்திரத்தை எந்தப் போதை ஒழிப்பு மேடையிலும் நாம் கேட்டதில்லை. இதைக் கேட்டிருந்தால், முன்வரிசைப் பையன்களில் ஒருவனாவது, தன் கையிலிருக்கும் புட்டியின் மறுமுனையில் யார் நின்று காசு எண்ணுகிறார் என்று திரும்பிப் பார்த்திருப்பான்.

தாய்நாட்டைக் காட்டிச் சமாதானம் கொள்வதற்கும் இடமில்லை. 1937-இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிய அதே தமிழ்நாட்டில், 1971-இல் கடை திறந்தது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசாங்கமே நடத்துகிறது. அந்தக் கடையின் விலையும் எட்டாத ஏழைகள் கள்ளச்சாராயத்தைத் தேடிப் போய், 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் சிலாங்கூரிலும் 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மது பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. மாண்டவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலவே பிழைக்க வந்த அயல்நாட்டுத் தொழிலாளர்.

இனி, அந்த மண்டையோட்டுப் படத்துக்கு வருவோம். தொட்டவன் செத்தான் என்பது பொய். பொய் என்பது இளைஞனுக்குத் தெரியும். ஏனெனில் தொட்ட நண்பன் மறுநாளும் எதிரே உட்கார்ந்து சிரிக்கிறான். ஒரு பொய் வெளிப்பட்டபின் நாம் சொல்லும் நூறு மெய்யும் அவன் காதில் ஏறுவதில்லை. மெய்யைச் சொல்வதற்கோ நமக்குப் படிப்பில்லை, அல்லது வெட்கம்.

மெய் என்னவெனில், ஒவ்வொரு போதைக்கும் கெடுதி வெவ்வேறு. பசையை முகர்கிறவனுக்கு முதல் முறையிலேயே இருதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடக்கூடும். அவன் பழகியவனா புதியவனா என்று அது பார்ப்பதில்லை. சியாபு எனப்படும் மெத்தாம்பெட்டமின் பெரும்பாலும் அவ்விதம் உடனே கொல்வதில்லை. மூளை இன்பமென்று உணரும் இடத்தையே பிடித்துக்கொண்டு, நாட்கணக்கில் தூக்கத்தைப் பறித்து, பெற்ற தாயின்மேலும் சந்தேகம் கொள்ளச் செய்து, இருதயத்தைத் தேய்க்கும். ஹெராயின் மூச்சையே மெல்ல மெல்ல அடக்கும். மதுவோ எல்லாரும் அறிந்த பழைய சரக்கு என்பதால் சாதுவென்று எண்ணப்படுகிறது. அது புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. தீங்கில்லாத அளவு என்று ஒன்று மதுவில் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் 2023-இல் கூறியது. மனிதனின் மூளை இருபத்தைந்து வயது வரையில் வளர்ந்துகொண்டிருக்கிறது. யோசித்து அடியெடுத்து வைக்கச் செய்யும் முன்மூளைதான் கடைசியில் முதிர்கிறது. ஆகவே பதினைந்து வயதில் பழகுகிறவன், போதும் என்று சொல்லும் பகுதி உருவாகுமுன்பே வேண்டும் என்று சொல்லும் பகுதிக்குத் தீனி போடுகிறான். இதை இவ்வளவு எளிதாகச் சொன்னால் பையன்கள் கேட்கிறார்கள். நாமே சொல்லிப் பார்த்திருக்கிறோம்.

மானம், மானம் என்று அடித்துக்கொள்வதால் விளையும் கேடு இன்னொன்று உண்டு. கூட்டாளி ஒருவன் மயங்கி விழுந்தால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? வீட்டுக்குத் தெரிந்தால் அடி விழும், ஊருக்குத் தெரிந்தால் பேச்சு வரும் என்று அஞ்சி, தூங்கட்டும் என்று மல்லாக்கக் கிடத்திவிட்டுப் போகிறார்கள். மல்லாந்து கிடப்பவன் வாந்தியெடுத்தால் அதுவே மூச்சுக்குழலை அடைத்துக் கொன்றுவிடும். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தனியே விடாமல், 999-ஐ அழைக்க வேண்டும். மெத்தனாலோ இன்னும் வஞ்சகமானது. முதலில் சாதாரண வெறிபோலவே இருந்து, பல மணி நேரம் கழித்து உடம்பிலே ஃபார்மிக் அமிலமாக மாறி, கண்ணைக் குருடாக்கி, உயிரையும் வாங்கும். காலாகாலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மாற்று மருந்துண்டு. மானத்தைக் காக்க மறைத்து வைக்கும் அந்தச் சில மணி நேரந்தான் கொல்லுகிறது. எந்தப் பேச்சாளராவது இந்த இரண்டு விஷயங்களைச் சொல்லியிருந்தால், மண்டையோட்டுப் படத்தை அவர் வீட்டிலேயே விட்டு வந்திருக்கலாம்.

மறுபடியும் அந்தச் சிறுவனிடம் வருவோம். அவன் கற்றுக்கொண்டது குடியை அன்று. பெரியவன் ஒருவன் கொடுத்ததை என்னவென்று கேளாமல் வாங்கி, காகிதத்தில் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் கூலி கிடைக்கும் என்பதைக் கற்றுக்கொண்டான். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீட்டு மனைகளாகியும் போனபின், வேலையும் லயனும் இழந்து பட்டணத்து ஓரங்களிற் குவிந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, அங்கே காத்திருக்கும் ‘அண்ணன்’மார் புதிய பாடம் ஒன்றும் நடத்துவதில்லை. “இந்தப் பொட்டலத்தை அந்த வீட்டில் குடுத்துட்டு வா, தம்பி” என்கிறார்கள். அவ்வளவே. மாமா பழக்கிவிட்ட கால்கள் தாமாகவே நடக்கின்றன.

அந்தப் பொட்டலத்தின் விலை என்ன? 1952-ஆம் ஆண்டு அபாயகர மருந்துகள் சட்டத்தின்படி 15 கிராம் ஹெராயினோ, 50 கிராம் மெத்தாம்பெட்டமினோ, 200 கிராம் கஞ்சாவோ ஒருவனிடம் அகப்பட்டால், அவன் அதைக் கடத்தும் வியாபாரி என்றே சட்டம் அனுமானிக்கும். அன்று என்று மெய்ப்பிக்கும் பாரம் அவன் தலைமேல். 2023 ஜூலை முதல் மரணதண்டனை கட்டாயமன்று என்றாயிற்று, ஆனால் நீங்கிவிடவில்லை. சிங்கப்பூரிலோ, ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009-இல் தொடையில் கட்டிய பொட்டலத்தோடு பிடிபட்டு, 42.72 கிராம் ஹெராயினுக்காக 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். உலகின் பல பாகங்களிலிருந்து எழுந்த முறையீடும் பலிக்கவில்லை. பொட்டலத்தை அனுப்புகிறவன் எவனும் கூடவே நடந்து வருவதில்லை என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

“பகலெல்லாம் குலை அறுத்து முதுகொடிந்தவன் மாலையில் ஒரு வாய் குடித்தால் உமக்கென்ன?” என்று பெரியவர்கள் நம்மேல் பாய்வார்கள். அவர்கள் களைப்பை நாம் அறியாதவர்களல்லோம். இன்றிரவே புட்டியை உடைத்தெறியுங்கள் என்றும் நாம் கேட்கவில்லை. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புக் கண்டு உயிருக்கே மோசம் வரலாம், வைத்தியரைக் கலந்துதான் விடவேண்டும். நாம் கேட்பது மிக அற்பமான ஒன்று. உமக்கு வேண்டுமானால் நீரே எழுந்து நடந்து போய், நீரே காசு கொடுத்து, உம் கையாலேயே தூக்கி வாரும். கடைக்காரரும் “மாமா கேட்டார்” என்று வரும் பையனைப் பார்த்து, “மாமாவையே வரச் சொல்” என்று திருப்பி அனுப்பட்டும். இதற்குச் சட்டசபை கூட வேண்டியதில்லை. நிதி திரட்ட வேண்டியதில்லை. மண்டையோட்டுப் படமும் வேண்டியதில்லை.

அதே மண்டபத்தில் அடுத்த மாதமும் ஒரு கூட்டம் என்று அறிவித்திருக்கிறார்கள். நாமும் போவோம். இம்முறை இளைஞர்களைப் பின்னே உட்காரவிட்டு, முன்வரிசையில் மாமன்மாரை உட்கார வையுங்கள் என்று ஏற்பாட்டாளரிடம் எழுதிக் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.