கையடக்க வண்டியும் கடல் கடந்த வாழ்வும்

 

உங்கள் இல்லத்துக் கண்ணாடி அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். பீங்கான் கோப்பைகளுக்கிடையே, கூரை நீண்டு பின்கதவு அகன்ற சின்னஞ்சிறு உலோக மோட்டார் வண்டி ஒன்று இருக்கக்கூடும். கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, சிதம்பரத்தை அடுத்த லால்பேட்டை என நம் ஊர்களிலிருந்து சபுர் சென்றோர் பிள்ளைகளுக்கென வாங்கி வந்த பொருள்களுள் இத்தகைய பொம்மை வண்டிகளும் உண்டு. அவற்றுள் நீண்ட கூரையுடைய இவ்வகைக்கு ‘ஸ்டேஷன் வேகன்’ என்று பெயர்.

இப்பெயருக்குக் காரணம் புகைவண்டி நிலையமே. நம் ஊர் நிலைய வாசலில் ஜட்கா காத்திருந்தது போல, அமெரிக்காவில் பயணிகளையும் அவர்தம் பெட்டி படுக்கைகளையும் வீடு சேர்க்க, மரப்பலகையால் பின்பகுதி அமைந்த மோட்டார்கள் நின்றன. 1929இல் ஃபோர்டு நிறுவனம் தன் ‘மாடல் ஏ’ வரிசையில் இவ்வகை வண்டியைத் தானே தயாரித்து விற்றது. 1935இல் செவர்லே நிறுவனம் சரக்கு வண்டியின் அடிச்சட்டத்தின் மீது எஃகு உடல் பொருத்தி, எண்மர் அமரும் ‘சபர்பன்’ வண்டியை வெளியிட்டது. 1946இல் வில்லிஸ் நிறுவனத்தின் எஃகு வேகன் வந்தது. மரம் போய்விட்டதே என்று ஏங்கியோருக்காக, எஃகின் மீதே மரம்போல் வண்ணம் தீட்டினார்கள்! 1953ஆம் ஆண்டின் பியூக் வண்டியோடு மெய்யான மரவுடல் மறைந்தது. நம் நாட்டிலும் 1992இல் டாட்டா நிறுவனம் ‘எஸ்டேட்’ என்ற பெயரில் இவ்வகைக் கார் ஒன்றை வெளியிட்டது.

இனி வருவதைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும் பெரிய வேகன், அமெரிக்கக் குடும்பங்களுக்குச் சுமையானது. 1984ஆம் ஆண்டு மாதிரியாகக் கிரைஸ்லரின் ‘மினிவேன்’ வந்ததும் அதன் இடம் மேலும் சுருங்கியது. 1996இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய வேகன்களை நிறுத்திவிட்டது.

அதே எண்ணெய் விலையேற்றம்தான் வளைகுடாவில் சாலைகளையும் துறைமுகங்களையும் எழுப்பியது. நம் இளைஞர்களை அங்கே அழைத்தது. அமெரிக்கத் தெருவில் சுமையாகிப்போன பெருவண்டிகள், பெட்ரோல் மலிவாய்க் கிடைத்த பாலைநிலத்தில் நிமிர்ந்து ஓடின. சவூதி மக்கள் ‘ஜிம்ஸ்’ என்றழைக்கும் ஜி.எம்.சி. சபர்பன்கள், ஜித்தா, மக்கா, மதீனா சாலைகளில் உம்ராப் பயணிகளைச் சுமந்தன. அவற்றில் நெருங்கி அமர்ந்து ஹரம் ஷரீஃபை நோக்கிச் சென்றவர்கள் நம் வீட்டுப் பெரியவர்களுள் எத்தனை பேர்!

பொம்மை வண்டிகளுக்கும் இரயிலோடு உறவு உண்டு. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பொம்மை இரயில்களுக்குத் துணையாக உருவான ‘டிங்கி’ கார்கள், 1934இல் அப்பெயர் பெற்றன. அந்த இரயிலின் அளவையொட்டியே 1:43 என்னும் விகிதம் சேகரிப்போரிடையே நிலைத்தது. பதினெட்டு அடி வண்டி இவ்விகிதத்தில் ஐந்து அங்குலமாகும், 1:18இல் ஓரடியாகும். 1953இல் வந்த ‘மேட்ச்பாக்ஸ்’ வண்டிகளோ பெட்டியின் அளவுக்கேற்பச் சுருங்கியவை. டிங்கியின் பழைய அச்சுகள் சில இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவில் ‘நிக்கி’ என்ற பெயரில் பொம்மைகளாயின.

சேகரிப்போர் இருவர் சந்தித்தால் விவாதம் ஓயாது. விகிதம் சரியா, சக்கரம் பழையதா, பக்கவாட்டு மரப்பட்டை அந்த ஆண்டுக்கு உரியதா என்று துருவி ஆராய்வர். உதிர்ந்த வண்ணத்தைப் புதுப்பிக்கலாமா என்பதில் கருத்து இரண்டுபடும். மறுவண்ணம் பூசினால் பொம்மையின் விலை குறையும் என்பார் ஒருவர். அழகு கூடும் என்பார் மற்றவர். ஆனால் இவ்வளவு நுணுக்கமாகப் பேசுவோரும், அந்த வண்டி யாருடைய பெட்டிக்குள் வந்தது, எத்தனை மாதச் சம்பளத்திற்குப் பின் வாங்கப்பட்டது என்று கேட்பது அரிது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் சிறகுள்ள பொம்மைக் குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபி (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்று அன்னையார் விடையளித்தார்கள்; பெருமானார் (ஸல்) அவர்கள் மகிழ்ந்து சிரித்தார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ள செய்தி. அந்தப் பொம்மைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருந்தது; அதைச் சொல்ல அன்னையாருக்குத் தெரிந்தும் இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

ஒரு சிறு தகர வண்டிக்காகப் பல்லாயிரம் ரூபாயை அள்ளி இறைப்பது தகாது. வீண்விரயத்தைத் திருமறை கடிந்துரைப்பதை (17:26, 27) நாம் அறிவோம். வீட்டில் இருப்பதைப் பேணுவதற்கோ செலவு ஏதுமில்லை. மென்துணியால் துடைத்து, வெயிலும் கடற்காற்றும் படாமல் வையுங்கள். அடிப்பாகத்தில் பொறித்திருக்கும் நிறுவனப் பெயரையும் நாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெரியவரின் அருகே பிள்ளையை அமர்த்தி, எந்த ஆண்டு, எந்த ஊர், என்ன வேலை, முதல் விடுமுறை எப்போது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அந்த ஒற்றைத் தாள் வண்டியோடு சேர்ந்திருக்கட்டும்.

வண்டி தொலைந்தால் கடையில் இன்னொன்று கிட்டக்கூடும். பெரியவரின் நினைவு அவரோடு போய்விட்டால் எந்தச் சந்தையிலும் கிட்டாது. இம்மாதமே கேளுங்கள். நம் முன்னோரின் உழைப்பை அல்லாஹ் ஏற்றருள்வானாக!