அம்மாவின் பென்சனில் விடுபட்ட ஆண்டுகள்

ஊரில் பென்சன் என்றால் அரசாங்க உத்தியோகத்தருக்கு உரியது. மற்றவர்கள் முதுமையில் பிள்ளைகளையே நம்பியிருந்தார்கள். அந்த நினைப்போடுதான் நாம் கனடாவுக்கு வந்தோம். முதலில் வந்தவர்கள் இப்போது 65 வயதைக் கடந்துகொண்டிருக்கிறோம். இங்குள்ள கணக்கு வேறு.

முதியோர் பாதுகாப்புக் கொடுப்பனவை முழுமையாகப் பெற, 18 வயதுக்குப் பின் 40 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருக்க வேண்டும். 35 வயதில் அகதியாக வந்தவருக்கு 65 வயதில் 30 ஆண்டுகளே இருக்கும். கிடைப்பது முக்கால் பங்கு. வருமானம் குறைந்தவர்களுக்கான மேலதிகக் கொடுப்பனவு இந்தக் குறையை ஓரளவு நிரப்பும். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் போய் இருந்தால் அது நின்றுவிடும்.

கனடா பென்சன் திட்டம் இன்னொரு விதம். சம்பளத்தில் பிடித்த பணமே அங்கு கணக்கு. கியூபெக்கில் இருப்பவர்களுக்கு இதுபோன்ற தனித் திட்டம் உண்டு. பதிவில்லாமல் கையில் காசாக வாங்கிய கூலி அதில் சேராது. வீட்டில் இருந்து பிள்ளை வளர்த்த காலமும் வெறுமையாகவே நிற்கும். இதில் அதிகம் இழப்பவர்கள் எமது பெண்கள்.

2023 இல் கனடாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.26 பிள்ளைகள்தான். குடிவரவு இல்லாமல் மக்கள்தொகை குறையாதிருக்க 2.1 வேண்டும். முதியோருக்கான கொடுப்பனவு உழைப்பவர்களின் வரியிலிருந்தே வருகிறது. அந்த வரியைக் கட்டப்போகும் பிள்ளைகளை வளர்த்தெடுத்த தாய்க்கே பென்சன் குறைகிறது என்றால், அது நீதியான கணக்கல்ல.

இதற்குச் சட்டத்தில் ஒரு பரிகாரம் இருக்கிறது. பிள்ளைக்கு 7 வயதாகும் வரை, அதைப் பராமரிப்பதற்காக வேலைக்குப் போகாத அல்லது குறைவாக உழைத்த காலத்தைப் பென்சன் கணக்கிலிருந்து நீக்கலாம். நீக்கினால் சராசரி உயரும், பென்சனும் கூடலாம். ஆனால் அதற்கு நாமே விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளைகளுக்கான கொடுப்பனவை வழங்கிய அரசிடம் அவர்களின் பிறந்த திகதி இருக்கிறது. பிறகு ஏன் இன்னொரு படிவம்? இது தானாகவே நடக்க வேண்டும் என்று எமது நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டும்.

அதுவரை, படித்து வேலையில் இருக்கும் பிள்ளைகள் ஒரு மாலையை ஒதுக்கி, அம்மாவோடு இருந்து அவருடைய பங்களிப்புப் பதிவைப் பாருங்கள். வெறுமையாக நிற்கும் ஆண்டுகளில் சில, உங்களை வளர்த்த ஆண்டுகளாக இருக்கும்.