வெள்ளைக்காரன் சரக்காம்ல!

கல்ச்சுரல்ஸில் டி.ஜே. ஒருத்தர் ஒரு மணி நேரம் டீப் ஹவுஸ் செட் போட்டால் போதும், வேலூர் பக்கம் ரெண்டு கோஷ்டி கிளம்பிவிடும். ஒண்ணு, "இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கெதுக்கு?" கோஷ்டி. இன்னொண்ணு, கண்ணை மூடிக்கொண்டு "என்னா ஒரு நாஸ்டால்ஜியா மச்சி!" என்று உருகும் கோஷ்டி. (பிறந்ததே 2004-ல். எதை நினைத்து ஏங்குகிறார்களோ!) ரெண்டு கோஷ்டிக்கும் வரலாறு தெரியாது என்பதுதான் கொடுமை.

முதல் கோஷ்டிக்கு: ஹவுஸ் வெள்ளைக்காரன் சரக்கே இல்லை சாமி. 1977-ல் சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' என்றொரு கிளப். அங்கே ரெக்கார்டு ஓட்டியவர் ஃப்ராங்கி நக்கிள்ஸ், கறுப்பினத்தவர். ஆடியவர்களில் பெரும்பாலோர் வேறு இடங்களில் மதிப்பு கிடைக்காத கறுப்பின, லத்தீன் தன்பாலின இளைஞர்கள். அந்தக் கிளப்பின் பெயர் சுருங்கித்தான் 'ஹவுஸ்' ஆனது என்பார்கள். 1986-ல் அதே ஊர் லாரி ஹெர்ட் 'கேன் யூ ஃபீல் இட்' வெளியிட்டார். கீழே மாறாத நாலு தட்டு, மேலே போர்வை போர்த்தின மாதிரி கீபோர்டு. இன்றைக்கு எல்லாரும் சிலாகிக்கும் அந்தக் கதகதப்பு அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது உருகும் கோஷ்டி. உங்கள் ப்ளேலிஸ்டில் சரண்ஜித் சிங் இருக்கிறாரா? மும்பைக்காரர், இந்தி சினிமாவுக்கு வாசித்தவர். 1982-ல் ரோலண்ட் 808 ட்ரம் மெஷின், 303 பேஸ் மெஷின் எல்லாம் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஹெச்.எம்.வி.யில் ரெக்கார்டு போட்டார். சீந்துவாரில்லை. 1987-ல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு அதே 303-ஐ முறுக்கி 'ஆசிட் ட்ராக்ஸ்' போட்டதும் உலகமே ஆசிட் ஹவுஸ் என்று கொண்டாடியது. (காப்பியடித்துவிட்டார்கள் என்று வாட்ஸப்பில் கிளப்பிவிடாதீர்கள். அதற்கு ஆதாரம் கிடையாது.) 2010-ல் நெதர்லாந்து லேபிள் ஒன்று சிங்கின் ரெக்கார்டை மறுபடி வெளியிட்டது. அப்புறம்தான் இங்கே பலருக்கும் அவர் பெயரே தெரிந்தது. எழுபது தாண்டி ஐரோப்பிய மேடைகளில் வாசித்தவர், 2015-ல் போய்ச்சேர்ந்தார்.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை புதுசா என்ன? எதிர்வீட்டு அக்கா ஷூ கம்பெனியில் தைத்த ஜோடி கப்பலேறிப் போய், ஏதோ ஒரு ஐரோப்பியப் பெயர் ஒட்டிக்கொண்டு மால் ஷோகேஸில் நின்றால்தான் நமக்கு வாய் பிளக்கும். அக்காவின் சம்பளத்தையும் அந்த விலைச்சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பி.காம். புத்தகத்தில் இதற்கு 'மதிப்புக்கூட்டல்' என்று கௌரவமாகப் பெயர் வேறு.

டி.ஜே. அண்ணன்மாரே, அடுத்த செட்டில் லாரி ஹெர்டுக்குப் பின்னால் சிங்கின் பூபாளியை இழைத்துவிடுங்கள். நம்ம மோகனம்தான் அது. வேகம் கொஞ்சம் ஜாஸ்தி, பிட்ச்சைக் குறைத்துக்கொள்ளலாம். போஸ்டரிலும் அவர் பெயரைப் போடுங்கள், எழுத்துப்பிழை இல்லாமல்.